ஊர் சுற்றிய படப்பெட்டிகள்

தாய்லாந்தில் 1954ஆம் ஆண்டு ‘சந்தி-வீணா’ என்றொரு படம் எடுத்தார்கள். சந்தி பார்வையற்ற பையன், வீணா அவனுடைய சிறுவயதுத் தோழி. 35 மி.மீ. சுருளில், வண்ணத்தில், ஒலியோடு தாய்லாந்து எடுத்த முதல் படம் அது. ஒளிப்பதிவு ரத்தனா பெஸ்டோன்ஜி. அதே ஆண்டு டோக்கியோவில் நடந்த தென்கிழக்கு ஆசியத் திரைப்பட விழாவுக்குப் போய், ஒளிப்பதிவுக்கான பரிசையும் வாங்கியது. அதற்குப் பிறகு படத்தைக் காணோம். நெகட்டிவ் பாழாகிவிட்டது என்றே நம்பினார்கள். பேரன் பேத்திகளுக்குப் பெயர் மட்டும் தெரிந்த படமாக அது அறுபது ஆண்டுகள் இருந்தது.

2014இல் லண்டனில், பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகத்தில் அந்த நெகட்டிவ் கிடைத்தது. தேடலில் ரஷ்யாவின் காப்பகத்தில் ஒரு பிரின்ட், சீனாவின் காப்பகத்தில் ஒரு பிரின்ட் என்று வேறு பிரதிகளும் தலைகாட்டின. 2016ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் ‘கிளாசிக்ஸ்’ பிரிவில் ‘சந்தி-வீணா’ மீண்டும் திரையேறியது.

பிறந்த ஊரில் இல்லாத படம், போன ஊர்களில் எல்லாம் இருந்திருக்கிறது. இதை நல்ல காலம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் உலக விழாக்களில் புத்துயிர் பெற்று வந்த ஆசியப் படங்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இதே கதை வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. பயணம் போன படங்களே பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. அது ஏன் என்று கேட்டால் பதிலில் பாதி வரலாறு, மீதிப் பாதி வேதியியல்.

சுருளின் உடல்

திரையில் நாம் பார்ப்பது ஒளி. ஆனால் படம் என்பது ஒரு பொருள். அதற்கு எடை உண்டு, வாசனை உண்டு, ஆயுளும் உண்டு.

35 மி.மீ. படச்சுருளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கியமாக இரண்டு அடுக்குகள் தெரியும். கீழே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதன்மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு. மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் அதே ஜெலட்டின்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அந்த ஜெலட்டினுக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்கள் பதிந்திருக்கும். நடிகையின் கண்மை, மேகத்தின் நிழல், கதவிடுக்கின் இருட்டு எல்லாமே உண்மையான வெள்ளிதான்.

நொடிக்கு 24 படம். இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 தனித்தனிப் படங்கள். நீட்டிப் போட்டால் மூன்று கிலோமீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஓரங்களில் பக்கத்துக்கு நான்கு துளைகள் என்றால், இரண்டு மணி நேரத்துக்கு மொத்தம் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். புரொஜெக்டரின் பல்சக்கரம் இந்தத் துளைகளைப் பிடித்துத்தான் சுருளை இழுக்கிறது. ஒரு துளை கிழிந்தால் படம் திரையில் துள்ளும். நாலைந்து சேர்ந்து கிழிந்தால் சுருளே அறுந்துவிடும்.

1950களின் தொடக்கம்வரை அந்தப் பிளாஸ்டிக், செல்லுலோஸ் நைட்ரேட். வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு. எரியத் தேவையான ஆக்ஸிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே வைத்திருப்பதால் தீப்பற்றிய நைட்ரேட் சுருள் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரிந்துகொண்டே இருக்கும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் 2003 ஜனவரியில் தீக்கிரையானபோது, நம் தொடக்ககாலச் சினிமாவின் ஒரு பகுதி அவற்றோடு சாம்பலானது.

இந்த ஆபத்துக்கு மாற்றாக 1948இல் வந்தது செல்லுலோஸ் டிரை-அசிடேட். எளிதில் தீப்பிடிக்காது என்பதால் ‘பாதுகாப்புச் சுருள்’ என்று பெயர் வைத்தார்கள். நெருப்பிலிருந்து அது பாதுகாப்புத்தான். காற்றிலிருந்து அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

வினிகர் வாசனை

பழைய அசிடேட் படப்பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் சேதி வரும். ஊறுகாய்க்கும் சாலட்டுக்கும் ஊற்றுகிற வினிகரின் அதே புளித்த நெடி கண்ணைக் கரிக்கும். உள்ளே சுருள் அப்பளம்போல நெளிந்திருக்கும். பிரித்தால் ஒட்டும், இழுத்தால் முறியும்.

நடந்தது இதுதான். செல்லுலோஸின் நீண்ட சங்கிலியில் அசிட்டைல் கொத்துகள் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இந்தப் பிளாஸ்டிக். காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தக் கொத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. கழன்றது அசிட்டிக் அமிலமாக மாறுகிறது. வினிகர் என்பதும் அதுதான். அந்த அமிலம் அடுத்த கொத்து கழல்வதை இன்னும் விரைவுபடுத்துகிறது. அமிலம் கூடக்கூட வேகம் கூடுகிறது, வேகம் கூடக்கூட அமிலம் கூடுகிறது. ஒரு மாம்பழம் அழுகினால் கூடை முழுக்கப் பரவுவதுபோல, ஒரு பெட்டியின் அமில ஆவி பக்கத்துப் பெட்டிகளையும் தொடுகிறது. பிளாஸ்டிக் சுருங்கும்போது அதன்மேல் இருக்கும் ஜெலட்டின் அதே அளவு சுருங்குவதில்லை. அடுக்குகள் பிரிந்து, படம் பாளம் பாளமாக உரிகிறது.

‘வினிகர் நோய்’ என்று உலகம் இன்று அழைக்கும் இந்தச் சிதைவைப் பற்றிக் கோடாக் நிறுவனத்துக்கு முதலில் தெரிவித்தது இந்திய அரசு. இந்தச் சுருள் அறிமுகமாகிப் பத்து ஆண்டுகள்கூட நிறையாத நேரம் அது. நம் வெயிலும் புழுக்கமும் பாதுகாப்புச் சுருளின் பலவீனத்தை உலகத்துக்கு முன்பே காட்டிக்கொடுத்துவிட்டன.

இதன் கணக்கு மிக எளிமையானது. ஈரப்பதம் 50 விழுக்காடு, வெப்பம் 21 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால், புதிய அசிடேட் சுருளில் வினிகர் நெடி தொடங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகும். வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் அந்தக் காலம் கிட்டத்தட்ட இரட்டிக்கும், கூடினால் பாதியாகும். நான்கைந்து டிகிரியில் வைத்த சுருளுக்கு முந்நூறு ஆண்டுகூடக் கெடு உண்டு. சென்னையிலோ பாங்காக்கிலோ மணிலாவிலோ மின்விசிறிகூட இல்லாத கிடங்கில் கிடக்கும் சுருளுக்கு இருபது ஆண்டே பெரிது. ஈரம் மிகுந்தால் பூஞ்சையும் வந்து சேரும். ஜெலட்டின் அதற்கு நல்ல உணவு.

‘சந்தி-வீணா’ லண்டனில் பிழைத்ததற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஊர் காப்பாற்ற நினைத்ததற்கு முன்பே அந்த ஊரின் குளிர் காப்பாற்றத் தொடங்கிவிட்டது.

வேற்றுமொழி வரிகள் காத்த படம்

கொரியாவின் கிம் கீ-யோங் 1960இல் எடுத்த படம் ‘பணிப்பெண்’. ஒரு நடுத்தரக் குடும்பம், மாடிப்படி, வேலைக்கு வந்த பெண் என்று ஒரே வீட்டுக்குள் பதற வைக்கும் படம். ‘பாரசைட்’ எடுத்த போங் ஜூன்-ஹோ தன் படத்துக்குத் தூண்டுதலாகச் சொன்ன படமும் இதுதான். இதன் மூல நெகட்டிவ் பிற்காலத்தில் கிடைத்தபோது நடுவே இரண்டு ரீல்கள் இல்லை. 1990இல் ஒரு பழைய பிரின்ட் கிடைத்தது. வெளிநாட்டுக்கு அனுப்பவென்று தயாரித்த பிரின்ட் அது. காணாமல் போன பகுதி அதில் இருந்தது. ஆனால் படத்தின்மேலேயே கையால் எழுதிய பெரிய பெரிய ஆங்கில எழுத்துகளும் இருந்தன.

2008இல் கொரியத் திரைப்படக் காப்பகமும், இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளையும் சேர்ந்து இதைச் சீரமைத்தபோது அந்த எழுத்துகளைக் கணினியில் அழித்தார்கள். எழுத்து மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

இந்த வேலையின் அடிப்படை, நொடிக்கு 24 படம் என்ற அந்தக் கணக்கில் இருக்கிறது. ஒரு பெண் படியிறங்கி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் படத்தில் எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முந்தானை ஓரம், அடுத்த படத்தில் ஒரு விரற்கடை நகர்ந்து எழுத்துக்கு வெளியே வந்திருக்கும். கேமரா அசைந்தால் சுவரும் கதவும்கூட அப்படியே வெளிப்படும். கணினி முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்து, எது எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, மறைந்த துண்டைப் பக்கத்துப் படத்திலிருந்து கடன் வாங்கி ஒட்டுகிறது. அசைவே இல்லாத காட்சியில் கடன் வாங்க இடம் கிடையாது. அங்கே மனிதர் ஒருவர் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து நிரப்ப வேண்டியதுதான்.

தூசியைத் துடைப்பதும் இதே வழியில்தான். சுருளில் ஒட்டிய தூசி ஒரே ஒரு படத்தில் மட்டும் தோன்றும். முந்தைய படத்தில் இல்லாமல், அடுத்ததிலும் இல்லாமல், நடுவில் மட்டும் ஒரு புள்ளி தெரிந்தால் அது தூசி. ஆனால் மழைத்துளியும் அப்படித்தான். மின்மினியும், அடுப்புப் பொறியும் அப்படித்தான். கணினியை அதன் போக்கில் விட்டால் மழைக்காட்சியில் மழையையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதனால் சீரமைப்பாளர்கள் கண்ணால் பார்த்துப் பார்த்து மழையைத் திருப்பித் தருகிறார்கள்.

எண்ணெய் பட்ட காகிதம்

கீறல்களைப் போக்கும் முறை இன்னும் அழகானது. அதை நம் டீக்கடையிலேயே பார்த்துவிடலாம்.

பஜ்ஜியைச் செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுக்கிறார்கள். எண்ணெய் ஊறிய இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், மறுபக்கத்து எழுத்து தெரியும். காகிதம் மெலிந்துவிடவில்லை. காகித நார்களுக்கு இடையே முன்பு காற்று இருந்தது. நாருக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண் வேறு வேறு, ஆகவே ஒளி ஒவ்வொரு எல்லையிலும் திரும்பிச் சிதறியது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் நாரின் எண்ணுக்கு அருகில் இருப்பதால், இடைவெளியை அது நிரப்பியதும் ஒளிக்கு எல்லையே தெரிவதில்லை. நேரே ஊடுருவிச் செல்கிறது.

படச்சுருளின் கீறலும் இப்படித்தான். பிளாஸ்டிக்கில் விழுந்த நுண்ணிய பள்ளத்துக்குள் காற்று நிற்கிறது. ஒளி அங்கே சிதறுகிறது. திரையில் ‘மழை பெய்கிற’ கோடுகளாக அது தெரிகிறது. ஸ்கேன் செய்யும்போது பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண்ணை ஒத்த ஒரு திரவத்தில் சுருளை நனைத்துக்கொண்டே எடுத்தால், பள்ளம் நிரம்பிவிடுகிறது. கீறல் அங்கேயேதான் இருக்கிறது, ஒளியின் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. வெள்ளித் துகள் வரைக்கும் ஆழமாக இறங்கிய கீறலுக்கு இந்த வித்தை பலிக்காது. அதற்கு மறுபடி கணினிக்கும் கைக்கும்தான் போக வேண்டும்.

நிறத்துக்கும் ஒரு நோய் உண்டு. வண்ணச்சுருளில் மூன்று சாயங்கள். மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. பல பழைய பிரின்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடுவதால் வானமும் வயலும் முகமும் ஒன்றுபோல இளஞ்சிவப்பாகிவிடும். மிச்சமிருக்கும் சாயத்தை அளந்து இழந்ததைக் கணினியில் கூட்டலாம். ஆனால் எவ்வளவு கூட்டினால் அது அந்தப் படம்? ஈரானின் முகம்மது ரெஸா அஸ்லானி எடுத்த ‘காற்றின் சதுரங்கம்’ இந்தக் கேள்விக்கு நல்ல விடை வைத்திருக்கிறது. மெழுகுவத்தி வெளிச்சமும் செந்நிற நிழலுமாக எடுக்கப்பட்ட படம். 1976இல் தெஹ்ரான் விழாவில் நடந்த திரையிடல் குளறுபடியாக முடிந்தது. 1979 புரட்சிக்குப் பின் தடை வந்தது. படம் போய்விட்டது என்று இருந்தபோது, 2014இல் தெஹ்ரானின் ஒரு பழைய சாமான் கடையில் அதன் சுருள்களை இயக்குநரின் மகனே கண்டெடுத்தார். சுருள்கள் ஐரோப்பா போய்ச் சேர்ந்து, 2020இல் சீரமைப்பு முடிந்தது. நிறங்களைத் தீர்மானிக்கும்போது இயக்குநரும் ஒளிப்பதிவாளர் ஹூஷங் பஹார்லூவும் தங்கள் நினைவிலிருந்த அந்த விளக்கொளியைச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஒரு நோய்க்கு மட்டும் மனித நினைவைத் தவிர வேறு மருந்து இல்லை.

எரிந்த ‘பதேர் பாஞ்சாலி’

பயணம் காப்பாற்றும் என்றேன். பயணத்தில் ஆபத்தும் உண்டு. அதற்கு நம் நாட்டின் மிகப் பெரிய படமே சாட்சி.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ முதலில் திரையிடப்பட்டது 1955 மே மாதம், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். அடுத்த ஆண்டு கான் விழாவில் ‘சிறந்த மனித ஆவணம்’ என்ற பரிசைப் பெற்றது. 1992இல் ராய் காலமான பிறகு, ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ என்ற அப்பு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் லண்டனில் ஒரு லேபுக்குச் சென்றிருந்தன. 1993இல் அங்கே நைட்ரேட் சுருள்கள் தீப்பிடித்தன. தீ கிடங்குக்குப் பரவியது. ராயின் நெகட்டிவ்களும் எரிந்தன.

எரிந்து கருகி, உருகி ஒட்டிப்போன அந்தச் சுருள்களை யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்கத் திரைப்பட அகாதெமி எடுத்துச் சென்று, தன் காப்பகத்தில் அப்படியே வைத்தது. அவற்றைச் சரிசெய்யும் வழி அன்று யாரிடமும் இல்லை. என்றாவது வரும் என்று வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து அது வந்தது.

கிரைடீரியன் நிறுவனமும் அகாதெமியும் சேர்ந்து அந்தச் சுருள்களை இத்தாலியின் பொலோனியா நகருக்கு, ‘லிம்மாஜினே ரித்ரோவாத்தா’ என்ற லேபுக்கு அனுப்பின. பொருள், ‘மீட்டெடுத்த பிம்பம்’. முதலில், வறண்டு முறுகிய சுருளுக்கு வேதிக் கரைசலின் துணையோடு ஈரம் ஊட்டினார்கள். வளைக்கலாம் என்ற நிலை வந்ததும் உருகிய ஒட்டுநாடாவையும் மெழுகையும் சுரண்டி எடுத்தார்கள். பிறகு ஓரத் துளைகள். தீயில் போன துளைகளைப் புதிய துண்டுகள் வைத்து ஒவ்வொன்றாகக் கையால் கட்டினார்கள். இந்தக் கைவேலை மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம். அதன் பிறகே ஸ்கேனர்.

முடிவில் ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 விழுக்காடும், ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் எரிந்த மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன. ‘அபுர் சன்சார்’ சுருள்களை மீட்க முடியவில்லை. அந்தப் படமும் மற்ற இரண்டின் மீதியும் உலகின் வேறு வேறு இடங்களில் இருந்த நகல்களிலிருந்து வந்தன. 2015 மே மாதம், அறுபது ஆண்டுக்கு முன் முதன்முதலாக ஓடிய அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் படம் மறுபடி ஓடியது. நாணல் பூத்த வெளியில் சிறுவன் அப்புவும் அக்கா துர்காவும் ரயிலைப் பார்க்க ஓடும்போது, அந்த வெண்மையில் எது எரிந்த வெள்ளி, எது நகல் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த ஆயிரம் மணி நேரத்தின் கூலி.

ஆக, பயணம் மட்டும் படத்தைக் காப்பதில்லை. பல ஊர்களில் பல பிரதிகள் இருந்ததும், கருகிப் போனதைக்கூடத் தூக்கி எறியாத மனமும் சேர்ந்துதான் காத்தன.

இன்றைய பெட்டி

1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தபோது, ஒவ்வொரு படமும் தகரப் பெட்டிகளில் கனத்த சுமையாக வந்து இறங்கியது. “பெட்டி வந்தாச்சா?” என்பதுதான் தியேட்டர் ஆபரேட்டரின் முதல் கேள்வி. இன்று விழாவுக்கு வருவது உள்ளங்கையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க், அல்லது இணையம் வழியே ஒரு கோப்பு. உள்ளே ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சுருக்கி அடுக்கப்பட்டிருக்கும். பூட்டுப் போட்ட கோப்பாக இருந்தால் அதன் சாவி தனியே வரும். குறிப்பிட்ட அரங்கின் கருவியில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே அது திறக்கும்.

வினிகர் வாசம் இல்லை, கீறல் இல்லை. ஆனால் சுருள் விட்டுச்சென்றதுபோல ஊருக்கு ஒரு பிரதியை இது விட்டுச்செல்வதும் இல்லை. விழா முடிந்ததும் சாவி காலாவதி, டிஸ்க் அடுத்த படத்துக்குத் துடைக்கப்படும். டிஸ்க்கும் காந்தநாடாவும் சுருளைவிட வேகமாக மூப்படைகின்றன. சில ஆண்டுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தலைமுறை மறந்தால் போதும், கோப்பு இருந்தும் திறக்கக் கருவி இருக்காது. அதனால்தான் சில காப்பகங்கள், டிஜிட்டலில் எடுத்த படத்தைக்கூடச் சுருளில் ஒரு பிரதி எடுத்துக் குளிர் அறையில் வைக்கின்றன.

நம் பெட்டிகள்

கான் ‘கிளாசிக்ஸ்’ வரிசையில் 2012இல் வந்த ‘கல்பனா’வை உதய் சங்கர் எடுத்தது நம் சென்னையில், ஜெமினி ஸ்டூடியோவில். ஒளிப்பதிவு கே. ராம்நாத். 1948இல் வெளியான அந்த நடனப் படம் புனே காப்பகத்திலிருந்த நகலிலிருந்து மீண்டது. 2022இல் அரவிந்தனின் மலையாளப் படம் ‘தம்பு’ அதே விழாவுக்கு வந்தது. மூல நெகட்டிவ் இல்லை, அதுவும் புனே பிரின்டிலிருந்துதான். 2025இல் இலங்கையின் சுமித்ரா பீரிஸ் 1978இல் எடுத்த ‘கெஹெனு லமாய்’ வந்தது. இந்தப் பிந்தைய இரண்டையும் மீட்டது மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்.

இப்படி மீளாதவையும் உண்டு. தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931. அதில் இன்று நம்மிடம் ஓர் அடிகூட இல்லை. அதன் பின் வந்த பல படங்களுக்குப் பாட்டுப் புத்தகமும் நோட்டீஸும்தான் மிச்சம். ஆனால் தமிழ்ப் படங்களும் வீட்டோடு இருந்தவை அல்ல. கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போனவை. ஏதோ ஒரு பழைய தியேட்டரின் பின்னறையில், விநியோகஸ்தர் குடும்பத்துப் பரணில், துருவேறிய தகரப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கலாம்.

அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், வெயிலில் காய வைக்காதீர்கள். பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். ஒட்டியிருக்கும் சுருளைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒரு காப்பகத்துக்குச் சொல்லுங்கள். வினிகர் நெடி அடித்தாலும், சுருள் கருகியே இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். ‘பதேர் பாஞ்சாலி’யும் அப்படி ஒரு பெட்டிக்குள்தான் இருபது ஆண்டு காத்திருந்தது.